நடு நாற்காலி

மொந்தெவிதேயோவில் மழை என்றால்
என் மாடிப்படி முழுக்க ஈரக் காலடி.
செவ்வாய் நாலு மணிக்கு வில்மரும் இவோனும்.
கள்ளக்காதல் இல்லை, கடன் இல்லை, கைநீட்டியதில்லை.
ஒரு தெர்மோஸ் மூடிக்காக வந்திருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள்.
இருபத்திரண்டு வருஷமாய் இந்த அறையில் இருக்கிறேன்.
பெரிய காரணத்தோடு படியேறியவர்கள் குறைவு.
கட்டிலில் எறிந்த ஈரத் துண்டு,
மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை,
உள்ளே வரும்போது போனைக் கவிழ்த்து வைக்கிற விதம்.

வில்மர் துறைமுகம் வழி போகும் பஸ்ஸின் ஓட்டுநர்.
நாலரைக்கு எழுந்து, மாத்தே இலையைக் குடுவையில் அமுக்கி
முதல் மடக்கின் கசப்பை நின்றபடியே உறிஞ்சிவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவான்.
ஆறு மணிக்கு இவோன் எழுந்து வந்தால்
தெர்மோஸ் வாய் பிளந்து கிடக்கும்.
தண்ணீர் பச்சைத் தண்ணீர்.

"மறுபடி சுட வைத்தால் ஆச்சு. ரெண்டு நிமிஷம்."
"ரெண்டு நிமிஷமா இப்போ பிரச்சினை?"

பதில் சொல்லாதே, என்றேன் அவனிடம்.
அவள் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்.

"தண்ணீர் ஆறிப்போச்சு என்கிறாள்."
இல்லை, என்றாள்.
"மூடி போடத் தெரியாதவன் என்கிறாள்."
இல்லை.
ரேடியேட்டர் இரண்டு முறை தட்டி அடங்கியது.
"பின்னால் ஒருத்தி எழுந்து வருவாள் என்பதே
எனக்கு ஞாபகமில்லை... என்கிறாளா?"
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அத்தோடு எல்லாம் சரியாயிற்று என்று எழுத ஆசைதான்.
அடுத்த செவ்வாய் புதுப் புகார்:
விடியற்காலையில் மூடியை ஓங்கி அறைந்து
வீட்டையே எழுப்புகிறானாம்.

மூன்றாம் வாரம் மகளையும் அழைத்து வரச் சொன்னேன்.
லுவானா, பதிமூன்று வயது, பல்லில் கம்பி.
யாரும் சொல்லாமலே
இருவருக்கும் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.
"வாடகை கட்டியாச்சான்னு அப்பாகிட்ட கேளும்பாங்க அம்மா.
கட்டியாச்சுன்னு சொல்லும்பார் அப்பா.
ரெண்டு பேரும் ஒரே சமையலறையில்தான் நிப்பாங்க.
நான் தபால்காரி.
சம்பளம் கிடையாது."

எழுந்தேன். அவளை என் பக்கம்
பிஸ்கட் டப்பா அருகே உட்கார வைத்தேன்.
நடு நாற்காலியை வெளியே தூக்கிப் போனேன்.
கனமான நாற்காலி; வாசல் நிலையில் இடித்து
விரல் நசுங்கியது.

இப்போது இருவருக்கும் நடுவில் வெறும் தரை.
வில்மருக்குத் திரும்பத் தெரியவில்லை.
ஜனங்களைக் கண்ணாடியில் பார்த்தே பழகிய கழுத்து.
புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில்
அவள் உருவத்தைத் தேடினான்.
அவன் தேடுவதை அவளும் அதே கண்ணாடியில் பார்த்தாள்.

"திரும்பேன்," என்றாள்.
கோபமாகத்தான்.
திரும்பினான்.

அன்று நடந்தது அவ்வளவே.
குடையைத் தேடினார்கள், காசு கொடுத்தார்கள்,
யார் முன்னால் இறங்குவது என்று படியில் ஒரு முணுமுணுப்பு.
லுவானா மட்டும் பின்தங்கி நின்றாள்.
"அடுத்த வாரம் நான் வரணுமா?"
வேண்டாம்.
"அப்போ யார் போய்ச் சொல்வாங்க?"
வாயில் பிஸ்கட் தூளோடு கேட்டாள்.
என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி என் வீடு.
குளியலறை பல்பு எரிந்துபோய் இரண்டு வாரம்.
ஃபிரிட்ஜ் கதவில் ஓமெரோவின் சீட்டு:
'பல்பு.'
வெறும் பல்பு. ஒரு கையெழுத்துகூட இல்லை.
அவனும் வாங்கவில்லை.
வேண்டுமென்றே நானும் வாங்கவில்லை.

இருட்டில் பல் தேய்த்தபடி
சொல்லிப் பார்க்கிறேன்:
பல்பு வாங்கச் சொல்கிறான்.
இல்லை.
ஊரார் வீட்டு விளக்கெல்லாம் ஏற்றப் போகிறவள்
என்கிறான்.
வாய் நிறைய நுரை.

கூடத்தில் அவன் செருப்புச் சத்தம்
நடந்து வந்து
கதவுக்கு வெளியே நிற்கிறது.